மூன்று நாள் அருங்காட்சியகம்: நியூயார்க்கில் விண்கல்லும் எலும்பும்

முதல் நாள், வியாழக்கிழமை

மகள் எழுதிக் கொடுத்த சீட்டில் "பென் ஸ்டேஷனில் இறங்கி சி ரயில் ஏறவும், 81ஆம் தெரு நிறுத்தம்" என்று தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் முதலில் வந்தது ஏ ரயில். அதுவும் அதே நீல வட்டத்துக்குள் எழுத்தைத் தாங்கி வந்ததால், எழுத்தைவிட நிறத்தை நம்பி ஏறிவிட்டேன். ஏ ரயில் விரைவு வண்டி. 59ஆம் தெருவை விட்டால் அடுத்து 125ஆம் தெருவில்தான் நிற்கும் என்பது, 81ஆம் தெருவின் பெயர்ப்பலகை ஜன்னலுக்கு வெளியே மின்னி மறைந்தபோதுதான் புரிந்தது. ஹார்லெமில் இறங்கி, மறுபக்கம் சென்று, சி ரயிலைப் பிடித்துத் திரும்பி வர அரைமணி நேரம் வீணாயிற்று. முப்பத்தொரு ஆண்டுகள் பெரம்பலூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தவன், மாணவர்களிடம் "கேள்வியை முழுதாகப் படித்துவிட்டு விடை எழுது" என்று சொல்லாத நாளே இல்லை.

81ஆம் தெரு நிலையத்தின் சுவர்களிலேயே அருங்காட்சியகம் தொடங்கிவிடுகிறது. ஓடுகளைப் பதித்து உருவாக்கிய விலங்குகளும் எலும்புகளும் நடைமேடையிலிருந்து படிக்கட்டு வரை உடன் வருகின்றன. அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1869இல் நிறுவப்பட்டது. இப்போதைய வளாகத்தின் முதல் கட்டடம் 1877இல் திறக்கப்பட்டது. நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட் மாநிலங்களில் வசிப்பவர்கள் விரும்பிய தொகையைக் கொடுத்து நுழையலாம். என்னைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு வரையறுத்த கட்டணம் உண்டு. மூன்று நாள் கட்டணத்தை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடும்படி மகள் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்.

இன்று முழுவதையும் வானியலுக்கென ஒதுக்கினேன். 1935இல் சார்லஸ் ஹேடன் என்ற வங்கியாளரின் கொடையால் உருவான ஹேடன் கோளரங்கத்தின் பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் 2000ஆம் ஆண்டு ரோஸ் மையம் எழுந்தது. 95 அடி உயரமுள்ள கண்ணாடிக் கனசதுரம் ஒன்று. அதற்குள் 87 அடி விட்டமுள்ள வெண்ணிற உருண்டை ஒன்று. உருண்டையைத் தாங்கும் கால்கள் கண்ணில் உறுத்தாதபடி அமைக்கப்பட்டிருப்பதால், உள்ளே நுழைந்த கணத்தில் அது அந்தரத்தில் நிற்பதாகவே தோன்றுகிறது. கோளரங்கம் அந்த உருண்டையின் மேற்பாதிக்குள் இருக்கிறது. அதற்கான காட்சியைச் சனிக்கிழமை பேரனோடு பார்ப்பதாக ஏற்பாடு.

உருண்டையைச் சுற்றி 400 அடி நீளமுள்ள நடைபாதை செல்கிறது. அதன் உத்தி மிக எளிமையானது. வகுப்பறையில் நான் ஏன் இதைச் செய்யவில்லை என்று வெட்கப்படும் அளவுக்கு எளிமையானது. அந்தப் பெரிய உருண்டையை முதலில் பிரபஞ்சமாகக் கொள்ளச் சொல்கிறார்கள். கைப்பிடியருகே இருக்கும் சிறு மாதிரி ஒன்று அதற்கு ஒப்பீடு. சில அடிகள் நடந்ததும் உருண்டை வேறொன்றாகிவிடுகிறது; இப்படியே குறைந்து குறைந்து அணுவின் உட்புறம் வரை போகிறோம். உருண்டை சூரியனாக இருக்கும் இடத்தில் மட்டும் நான் நெடுநேரம் நின்றேன். அந்த அளவுகோலில் வியாழன் ஒரு சிறிய அறையை அடைக்கும் பந்தாக உயரத்தில் தொங்குகிறது. பூமியோ பத்து அங்குலத்துக்கும் குறைவான உருண்டை, நம் வீட்டில் துவையல் அரைக்க வாங்கும் தேங்காயின் பருமன்.

இந்த வரிசையில் புளூட்டோ இல்லை. 2000இல் திறந்தபோதே அதைக் கோள்களோடு சேர்க்காமல், நெப்டியூனுக்கு அப்பாலுள்ள பனிப்பொருள்களின் கூட்டத்தோடு வைத்துவிட்டார்கள். ஓராண்டு கழித்துச் செய்தித்தாள் ஒன்று இதைக் கவனித்து எழுத, இயக்குநர் நீல் டிகிராஸ் டைசனுக்குச் சிறுவர் சிறுமியரிடமிருந்து கோபக் கடிதங்கள் குவிந்தனவாம். சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று அறிவித்தது 2006இல்தான். அந்த ஆண்டு என் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "அப்போ போன வருசம் நான் எழுதினதுக்கு மார்க் குறைப்பீங்களா சார்?" என்று கேட்டது நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டேன்.

நடைபாதையின் முடிவில் கீழே இறங்கும் சுருள்பாதை ஒன்று உண்டு. 360 அடியில் சுமார் 1,300 கோடி ஆண்டுகளை விரித்து வைத்திருக்கிறார்கள். சராசரி மனிதர் ஒருவர் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் ஏழரைக் கோடி ஆண்டுகள். பாதையின் கடைசியில் ஒரு தலைமுடியை வைத்து, மனித வரலாறு முழுவதும் அதன் தடிமனுக்குள் அடங்கிவிடுவதாகக் காட்டுகிறார்கள். கூட்டம் அந்த முடியைப் பார்த்துவிட்டு "ஓ" என்று சொல்லிக் கலைகிறது. நான் பின்னோக்கி அளந்து பார்த்தேன். இதே கணக்கில், டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டு முடியிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான தொலைவில் வருகிறது. எங்கள் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தண்டான கல்மரத்தின் பன்னிரண்டு கோடி ஆண்டு இரண்டேகால் முழத்துக்கு மேல் இல்லை. எஞ்சிய முந்நூற்றைம்பது அடிக்கும் மேற்பட்ட தூரம் அதற்கு முந்தியது. பள்ளிச் சுற்றுலாவில் கல்மரத்தைக் காட்டி, "எவ்வளவு பழமை பாருங்கள்" என்று மாணவர்களை வாய்பிளக்க வைத்தவன் நான்.

கீழ்த்தளத்தில் வில்லமெட் விண்கல் இருக்கிறது. பதினைந்தரை டன் இரும்பும் நிக்கலும். நுழைந்தவுடன் கண்ணைப் பறிப்பவை, குழந்தை உட்காரக்கூடிய அளவுள்ள அதன் குழிகள். வளிமண்டலத்தைக் கிழித்துக்கொண்டு வந்தபோது உருகி வழிந்த குழிகள் அவை. அந்த வேகத்தையும் வெப்பத்தையும் எண்ணியபடியே அதன் மேல் கை வைத்தேன். சில்லென்றிருந்தது. கால்வலி மிகுந்துவிட்டதால் விளக்கப் பலகையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் புறப்பட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை

நேற்று எழுதியதில் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். வில்லமெட் விண்கல்லின் குழிகள் விண்ணிலிருந்து விழும்போது உண்டானவை அல்ல. இன்று காலை முதல் வேலையாகக் கீழ்த்தளத்துக்குப் போய்ப் பலகையை நிதானமாகப் படித்தேன். கல்லுக்குள் இருந்த இரும்பு சல்ஃபைடு மழைநீரோடு சேர்ந்து மென்மையான கந்தக அமிலமாக மாற, அந்த அமிலம் பல்லாயிரம் ஆண்டுகள் இரும்பை அரித்துக் குடைந்ததால் வந்த குழிகள் அவை. நெருப்பு என்று நான் நினைத்தது மழை. நேற்றைய பதிவை அப்படியே விட்டுவைக்கிறேன். அழித்துத் திருத்துவதைவிட இதுவே நேர்மை.

அந்தக் கல்லின் வரலாறும் குழிகளைப் போலவே ஆழமானது. பனியுகத்துப் பெருவெள்ளம் ஒன்றில், பனிப்பாளத்தோடு சேர்ந்து இன்றைய ஆரிகன் மாநிலத்துக்கு அது அடித்து வரப்பட்டதாகக் கருதுகிறார்கள். கிளாக்கமாஸ் பழங்குடியினர் அதை டொமனோவாஸ் என்று பெயரிட்டு வணங்கினர். குழிகளில் தேங்கிய மழைநீர் அவர்களுக்குத் தீர்த்தம். 1902இல் எல்லிஸ் ஹியூஸ் என்ற குடியேறி, பக்கத்து இரும்பு நிறுவனத்தின் நிலத்தில் அது கிடப்பதைக் கண்டு, மரத்தாலான வண்டியில் ஏற்றி, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை மூன்று மாத உழைப்பில் கடத்தித் தன் நிலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பிறகு வழக்கில் தோற்றார். நிறுவனத்திடமிருந்து ஒரு சீமாட்டி 20,600 டாலருக்கு வாங்கி இங்கே அளித்துவிட்டார். 2000ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, அந்த மக்களின் வழித்தோன்றல்கள் ஆண்டுதோறும் வந்து தனியே வழிபாடு செய்கிறார்கள். அருங்காட்சியகக் கல்லுக்கு ஆண்டுக்கொரு திருவிழா நடப்பது எனக்கு வியப்பாக இல்லை. நம் ஊரில் இது எப்போதோ நடுகல் ஆகி மஞ்சளும் குங்குமமும் ஏறியிருக்கும்.

விண்கற்களுக்கென்றே தனிக்கூடம் ஒன்று முதல் தளத்தில் உள்ளது. அதன் நடுவில் இருப்பது கிரீன்லாந்தின் கேப் யார்க் விண்கல்லின் பெருந்துண்டு, 34 டன். இதன் பாரத்தைத் தளம் தாங்காது என்பதால், தாங்கும் தூண்களைத் தளத்தைத் துளைத்துக் கட்டடத்துக்கு அடியிலுள்ள பாறை வரை இறக்கியிருக்கிறார்கள். இரும்புச் சுரங்கமோ உலையோ இல்லாத பனிநாட்டில், இன்யூயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்த விண்கல்லிலிருந்துதான் கத்தி முனைகளையும் ஈட்டி முனைகளையும் தட்டியெடுத்து வந்தனர். 1897இல் துருவப் பயணி ராபர்ட் பியரி இதைக் கப்பலில் ஏற்றி நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். அதே கப்பலில் ஆறு இன்யூயிட் மனிதர்களையும் அழைத்து வந்தார். சில மாதங்களில் அவர்களில் நால்வர் காசநோயால் இறந்தனர். தந்தையை இழந்த சிறுவன் மினிக்கின் கண்ணெதிரே ஒரு போலி அடக்கச் சடங்கை நடத்திவிட்டு, தந்தையின் எலும்புகளை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் வைத்துக்கொண்டார்கள். வளர்ந்த பிறகு உண்மை தெரிந்து கேட்ட மகனுக்கு அவை கடைசிவரை கிடைக்கவில்லை. 1993இல்தான் நால்வரின் எலும்புகளும் கிரீன்லாந்துக்குத் திரும்பின. இந்தக் கதையை அறிந்த பிறகு அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்க எனக்குக் கை எழவில்லை.

மதியத்துக்குப் பிறகு நான்காம் மாடி. இங்கேயுள்ள டைட்டனோசர் என்ற பேருருவ டைனோசரைத் தான் வராமல் பார்க்கக் கூடாது என்பது பேரனின் உத்தரவு. ஆகவே அந்தக் கூடத்தைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கத்துப் படிக்கட்டில் ஏறிப் போனேன். புதைபடிவக் கூடங்கள் காலவரிசைப்படி அமைந்தவை அல்ல. உறவுமுறைப்படி, அதாவது பரிணாமக் கிளைமரத்தின்படி, அமைத்திருக்கிறார்கள். தரையில் பதித்த கருங்கோடு அந்த மரத்தின் தண்டு; முதுகெலும்பு, தாடை, நான்கு கால்கள் என்று புதிய உறுப்பு ஒன்று தோன்றும் ஒவ்வோர் இடத்திலும் கோடு கிளைக்கிறது. கிளையில் திரும்பி நடந்தால் அந்தப் பண்பைப் பெற்ற பங்காளிகளெல்லாம் இருபுறமும் நிற்கிறார்கள். கோட்டை விட்டு விலகினால் வழி தவறும். ஆனால் கோட்டைப் பார்த்து நடப்பவர் என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை. எல்லோரும் டி ரெக்ஸ் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

டைரனோசாரஸ் ரெக்ஸின் இந்த எலும்புக்கூட்டை 1908இல் மொன்டானாவில் பார்னம் பிரவுன் கண்டெடுத்தார். 1915இல் முதன்முறையாக நிறுத்தியபோது, வால் தரையில் இழுபட, கங்காருவைப் போல நிமிர்ந்து நிற்கும்படி அமைத்தார்கள். கை எலும்புகள் முழுதாகக் கிடைக்காததால் மூன்று விரல்களையும் பொருத்தினார்கள். எண்பது ஆண்டுகள் உலகமெங்கும் பொம்மைகளும் பாடநூல்களும், நான் கரும்பலகையில் வரைந்த படமும்கூட, அந்த நிலையைத்தான் பின்பற்றின. 1990களில் எலும்பு எலும்பாகக் கழற்றி, தலை தாழ்ந்து வால் பின்னால் நீண்டு, இரையை நோக்கிப் பதுங்கி வரும் கிடைநிலையில் மறுபடி பூட்டியிருக்கிறார்கள், விரல்களும் இரண்டாகிவிட்டன. உடலின் மேல் இருக்கும் மண்டையோடு வார்ப்புதான். உண்மையான மண்டையோடு அந்த உயரத்தில் பொருத்த முடியாத அளவுக்குக் கனமானது என்பதால், பக்கத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. கண்ணுக்கு நேராக அதைப் பார்க்க முடிவது நல்வாய்ப்பு. பற்களின் ஓரத்தில் அரிவாளின் கருக்கைப் போன்ற நுண்ணிய வரிகள் ஓடுகின்றன.

எதிரே அபடோசாரஸ். 1905இல் இதைத்தான், சௌரோபாட் என்ற நீள்கழுத்துத் தாவர உண்ணி வகையில் உலகிலேயே முதலாவதாக, முழு எலும்புக்கூடாக நிறுத்தினார்கள். அன்றைய பெயர் பிரான்டோசாரஸ். தலை கிடைக்காததால் தவறான தலையொன்றைச் செய்து வைத்திருந்தார்கள். 1990களில் தலையை மாற்றி, கழுத்துக்கு எலும்புகள் சேர்த்து, வாலை நீட்டித் தரையிலிருந்து உயர்த்தினார்கள். பிரான்டோசாரஸ் என்ற தனிப்பேரினம் இல்லை என்று 1903இலேயே முடிவு கட்டியாயிற்று. ஆனால் 2015இல் வந்த ஆய்வொன்று, இல்லை, அது தனிப்பேரினமே என்று மறுபடி பிரித்தது. பெயர் விஷயத்தில் இந்த விலங்குக்கு நம் ஊர் ரேஷன் அட்டையைவிட அதிகத் திருத்தங்கள். அதன் பின்னால் தரையில் டெக்சாஸ் ஆற்றுப்படுகையிலிருந்து 1938இல் பெயர்த்துக் கொண்டுவந்த காலடித்தடங்கள் பதிந்த பாறை இருக்கிறது. வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல். மழைக்கால வரப்பில் மாடு கால் வைத்தால் சேறு ஓரத்தில் பிதுங்கி நிற்குமே, அதே பிதுக்கம் கல்லாகி நிற்கிறது.

திருத்தங்களின் உச்சம் ஓவிராப்டர். 1923இல் கோபிப் பாலைவனத்தில் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் குழுவினர் முட்டைகள் நிறைந்த கூடு ஒன்றையும், அதன் மேல் ஒரு சிறு டைனோசரின் எலும்பையும் கண்டனர். முட்டைகள் புரோட்டோசெராடாப்ஸ் என்ற மற்றொரு விலங்கினுடையவை என்று எண்ணி, மேலே கிடந்ததற்கு "முட்டைத் திருடன்" என்று பொருள்படும் பெயரை மறு ஆண்டே சூட்டிவிட்டனர். எழுபது ஆண்டுகள் கழித்து, 1993இல், இதே அருங்காட்சியகத்தின் குழு மங்கோலியாவில் அதே வகை முட்டைக்குள் கருவைக் கண்டது; கரு ஓவிராப்டர் குடும்பத்தது. கூட்டின் மேல் கோழியைப் போலக் கைகளை விரித்து அடைகாத்தபடியே புதைந்த விலங்கும் கிடைத்தது. திருடன் என்று பழி சுமந்தது பெற்றோர்தான். ஆனால் பெயரிடும் விதிகளின்படி முதலில் வைத்த பெயரை மாற்ற முடியாது.

நான் இன்று அதிக நேரம் செலவிட்டது பலரும் கடந்து போகிற ஒரு பேழையின் முன்னால். 1908இல் ஸ்டெர்ன்பெர்க் குடும்பத்தார் வயோமிங்கில் கண்டெடுத்த எட்மோன்டோசாரஸ் அது. மல்லாந்து, முழங்கால்களை மடக்கியபடி கிடக்கிறது. எலும்பு மட்டுமின்றித் தோலின் பதிவும் கல்லில் நிலைத்துவிட்டது. கேழ்வரகைப் பரப்பி அழுத்தியது போன்ற சிறு சிறு செதில்கள். விலா எலும்புகளின் மேல் தோல் இழுத்துப் போர்த்திய இடங்களில் அவை நெருங்கியும், மடிப்புகளில் சுருங்கியும் தெரிகின்றன. மற்ற எலும்புக்கூடுகளெல்லாம் விலங்கின் கட்டுமானம். இது மட்டும் செத்துக் கிடக்கும் விலங்கு.

மூன்றாம் நாள், சனிக்கிழமை

இன்று ஒன்பது வயதுப் பேரன் வழிகாட்டி. ஆதலால் சரியான ரயிலில் ஏறினோம்.

முதலில் கோளரங்கம். 429 இருக்கைகள் கொண்ட அரங்கில் விளக்குகள் அணைந்து, விண்மீன்கள் குவிமாடம் நிறையத் தோன்றிய நொடியில் அரங்கம் முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. பேரன் என் கையைப் பிடித்து, "தாத்தா, இவ்வளவும் நிஜமா இருக்கா?" என்று கேட்டான். நியூஜெர்சியின் எடிசன் நகரத்துத் தெருவிளக்குகளுக்கிடையில் பிறந்து வளர்ந்தவனுக்கு வானத்தில் இருபது முப்பது மீன்களுக்கு மேல் தெரிந்ததில்லை. என் சிறுவயதில் வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுத்தால், அப்பா சப்தரிஷி மண்டலத்தையும், அருந்ததியையும், அறுமீன் என்று பழைய இலக்கியம் சொல்லும் கார்த்திகைக் கூட்டத்தையும் காட்டுவார். காட்சி பிறகு பால்வீதியை விட்டு வெளியேறி, அண்டங்களின் கூட்டங்களுக்குள் பறந்தது. பேரனுக்கு அதுதான் பிடித்தது. எனக்கு அந்த முதல் ஒரு நிமிடமே போதும்.

வெளியே வந்ததும் விண்மீன்கள் எப்படிச் சாகின்றன என்று கேட்டான். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேற்பட்ட எரிந்து தீர்ந்த விண்மீன் வெள்ளைக் குள்ளன் என்ற சுருங்கிய விண்மீனாக அமைதியாக இருக்க முடியாது என்பதைச் சொல்லி, அந்த எல்லையை 1930இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் கணக்கிடத் தொடங்கியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த பத்தொன்பது வயதுச் சந்திரசேகர் என்பதையும் சொன்னேன். "கப்பல்ல வைஃபை இருந்துச்சா?" என்றான்.

பிறகு நான்காம் மாடி, டைட்டனோசர். பாட்டகோடைட்டன் என்ற இந்த விலங்கின் எலும்புகள் அர்ஜென்டினாவின் பாட்டகோனியாவில் பண்ணைத் தொழிலாளி ஒருவர் கண்ணில் பட்டன, 2013 முதல் 2015 வரை தோண்டினார்கள், 2016 ஜனவரியில் வார்ப்பு இங்கே வந்தது. நீளம் 122 அடி. கூடத்தின் நீளம் போதாததால், கழுத்து வாசலைத் தாண்டி வெளியே நீண்டு, மின்தூக்கியில் வருபவர்களைத் தலை எட்டிப் பார்க்கிறது. பேரன் அதன் வயிற்றுக்கு நேர்கீழே நின்று மேலே பார்த்துச் சுற்றிச் சுற்றி வந்தான்.

அவனுக்கு அப்போது கல்லமேட்டைப் பற்றிச் சொன்னேன். அரியலூர் மாவட்டத்தில், எங்கள் ஊரிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் மதியச் சோற்றுக்குத் திரும்பிவிடக்கூடிய தொலைவில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் இடுப்பு, தொடை, கெண்டைக்கால் எலும்புகள் சிலவற்றைக் கண்டெடுத்து, 1980களின் இறுதியில் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். பெருத்த உடல் என்பது பொருள். முதலில் ஊனுண்ணி என்று வகைப்படுத்தினர். பின்னர்தான் தாவரம் தின்னும் சௌரோபாட் என்று மற்ற ஆய்வாளர்கள் திருத்தினர். கெண்டைக்கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர். பேருருவத்துக்குப் பெயர்பெற்ற அர்ஜென்டினோசாரஸின் அதே பகுதி எலும்பு 1.55 மீட்டர்தான். அப்படியானால் உலகில் வாழ்ந்த மிகப்பெரிய நிலவிலங்குகளில் ஒன்று எங்கள் சுண்ணாம்புக்கல் சீமையில் நடந்திருக்கிறது.

"அந்த எலும்பு எங்க இருக்கு? சென்னையிலயா?" என்று கேட்டான்.

எங்கும் இல்லை. மணலும் களிமண்ணும் மாறி மாறிப் படிந்த அந்த மண்ணில் எலும்புகள் எளிதில் நொறுங்கும் நிலையில் இருந்தன. மழையில் ஊறி வெயிலில் வெடிக்கும் மண் அது. எடுத்தவை சிதைந்துபோயின. இன்று மிஞ்சியிருப்பவை சில கோட்டோவியங்களும் ஒரு சில படங்களும்தான். அதனால்தான் அதன் உருவ அளவைப் பற்றிய மதிப்பீடுகளை ஆய்வாளர்கள் பலர் தயக்கத்தோடு பார்க்கிறார்கள். இங்கே பார்னம் பிரவுன் காலத்து எலும்புகள் நூறாண்டுக்கும் மேலாக நிற்பதற்கு, களத்திலேயே எலும்பைச் சாக்குத்துணியும் மாவுக்கட்டும் போட்டுச் சுற்றி எடுத்து வந்ததும், பிறகு அதைக் காக்க அறையும் ஆளும் பணமும் இருந்ததும் காரணங்கள். மாவுக்கட்டுக்கு வேண்டிய ஜிப்சம், எங்கள் பக்கத்துக் காரை என்ற ஊரின் ஓடைகளில் வெயில் பட்டு மின்னிக்கொண்டு கிடக்கிறது என்பதைப் பேரனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டு மீட்டர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்றான். என் குடையை விரிக்காமல் தரையில் கிடத்தி, அதன் நீளம் சுமார் தொண்ணூறு சென்டிமீட்டர் என்று கணக்கிட்டு, இரண்டு முறை புரட்டி, அதற்கு மேலும் ஒரு சாண் வைத்து, அந்த இடத்தில் அவன் செருப்பை அடையாளமாக வைத்தோம். காவலர் ஒருவர் அருகே வந்து என்ன செய்கிறோம் என்று கேட்டார். பேரன் ஆங்கிலத்தில் விளக்கினான். அவர் குனிந்து, குடைக்கும் செருப்புக்கும் இடையிலிருந்த வெற்றுத் தரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். அரியலூர் என்ற பெயரைப் பேரன் இரண்டு முறை உச்சரித்துக் காட்டினான்.

வெளியே வந்தபோது மழை பிடித்திருந்தது. குடையை விரித்தோம்.